தோற்றவர்களின் பெயர்ப்பட்டியல்: கிளீவ்லாந்து நகரமும் அதன் குவார்ட்டர்பேக்குகளும்

(சற்று நீண்ட பதிவு. கூட்டு நினைவு குறித்துப் பயிலும் நண்பர்களுக்குப் பயன்படலாம்.)

அரசர் பெயரால் காலத்தைக் குறிக்கும் வழக்கம் கல்வெட்டுகளோடு முடிந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் அமைந்த கிளீவ்லாந்து நகரத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கு ‘பிரவுன்ஸ்’ கால்பந்து அணியின் ரசிகர்கள் பழங்கதை பேசும்போது ஆண்டுகளைவிட ஆட்டக்காரர் பெயர்களே மிகுதியாக வரும். கிரஹாம் காலம், சைப் காலம், கோசார் காலம் எனக் குவார்ட்டர்பேக்குகளைக் கொண்டே அவர்கள் தம் வாழ்நாளைப் பகுத்துக்கொள்கின்றனர்.

இவ்வாட்டத்தை அறியாதோர்க்கு ஒரு குறிப்பு. அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்குக் களத்தில் பதினொருவர். பந்தை முன்னோக்கி எறிவதா, அருகிலிருப்பவரிடம் கொடுப்பதா, தாமே ஓடுவதா என்பதைச் சில நொடிகளில் முடிவு செய்பவர் குவார்ட்டர்பேக். அணியின் வெற்றி தோல்விக் கணக்கும் அவர் பெயரிலேயே எழுதப்படுகிறது. ஒருவரை முன்னிறுத்தி ஒரு காலத்தை நினைவுகூர்வதற்கு இதனினும் ஏற்ற பொறுப்பு வேறில்லை.

பிரவுன்ஸ் அணியின் வரலாறு 1946ஆம் ஆண்டில் ஆட்டோ கிரஹாமோடு தொடங்குகிறது. 1955 வரை பத்துப் பருவங்கள் ஆடிய அவர், பத்திலும் அணியை இறுதிப்போட்டிக்குக் கொண்டு சென்று ஏழில் வாகை சூடினார். கிளீவ்லாந்து அப்போது எஃகும் இயந்திரமும் செய்த செழிப்பான நகரம். 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 9,14,808. கிரஹாமின் ஆட்டத்தை நேரில் கண்டோர் இன்று அரிது. யான் அஸ்மன் உரையாடல்வழி நினைவு என்றும் பண்பாட்டு நினைவு என்றும் பகுப்பார். கிரஹாம் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குக் கடந்து சென்றுவிட்டார். தாத்தா சொன்ன கதையாகவும், ஓய்வளிக்கப்பட்ட 14ஆம் எண்ணாகவும் அவர் எஞ்சியிருக்கிறார்.

அடுத்து வருபவர் நம் கல்விப்புலத்தினரின் கவனத்துக்குரியவர். 1964 டிசம்பர் 27 அன்று பால்டிமோர் கோல்ட்ஸ் அணியை 27–0 எனப் பிரவுன்ஸ் வென்ற இறுதிப்போட்டியில் ஃபிராங்க் ரயன், கேரி காலின்ஸுக்கு மூன்று டச்டவுன் வீச்சுகளை எறிந்தார். மறு ஆண்டில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் அமெரிக்கக் கீழவையில் மின்னணு வாக்குப்பதிவு முறை ஏற்படுவதிலும் அவருக்குப் பங்குண்டு. பிரவுன்ஸ் அணி இன்றுவரை வென்ற கடைசிக் கோப்பை அவர் காலத்ததே. ஆயினும் ரசிகர் பேச்சில் அவருக்குக் கிடைக்கும் இடம் சிறிது. அவருடைய அணியின் பெருமை பெரும்பாலும் ஓட்டக்காரர் ஜிம் பிரவுன் பெயரில் சேர்ந்துவிட்டது. இங்குதான் வரலாற்று மாணவர் நின்று நோக்க வேண்டிய முரண் தொடங்குகிறது. கோப்பை வென்றவர் மங்கிப்போக, கிளீவ்லாந்துக்கு ஒரு கோப்பையும் வென்று தராத இருவர் அந்நகரத்தின் நெஞ்சில் நிலைபெற்றனர்.

முதலாமவர் பிரயன் சைப். 1972ஆம் ஆண்டுத் தேர்வில் பதின்மூன்றாம் சுற்றில், ஏறக்குறைய எவரும் வேண்டாதபோது எடுக்கப்பட்டவர். 1970களின் பிற்பகுதியில் ஓஹையோவின் எஃகு ஆலைகள் மூடப்பட்டன. 1978 டிசம்பரில் கிளீவ்லாந்து மாநகரம் வங்கிக் கடனைத் திருப்பித்தர இயலாமல் தவறிற்று. பெருமந்தத்துக்குப் பின் அந்நிலையை அடைந்த முதல் பெரிய அமெரிக்க நகரம் அதுவே. நாடே நகைத்த அந்நகரத்துக்கு 1980ஆம் பருவம் ஒரு மூச்சு அளித்தது. ஆட்டந்தோறும் கடைசி நிமிடங்களில் வென்ற அவ்வணியை ‘கார்டியாக் கிட்ஸ்’ என்றனர். சைப் லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். 1981 ஜனவரி 4 அன்று, உறைபனிக் குளிரில், ஓக்லாந்துக்கு எதிராக 14–12 எனப் பின்தங்கியிருந்த நிலையில், மூன்று புள்ளி தரும் உதையைத் தவிர்த்துப் பயிற்சியாளர் ஒரு வீச்சுக்குப் பணித்தார். சைப் எறிந்த பந்தை எதிரணியின் மைக் டேவிஸ் பறித்தார். அவ்வாட்ட உத்தியின் குறிப்பெயரான ‘ரெட் ரைட் 88’ அன்றுமுதல் தோல்வியின் பெயராயிற்று.

இரண்டாமவர் பெர்னி கோசார். ஆலைகள் மூடிய யங்ஸ்டவுனை அடுத்த போர்ட்மனில் வளர்ந்தவர். 1985இல் துணைத்தேர்வு என்னும் வழியைப் பயன்படுத்தித் தாமாகவே கிளீவ்லாந்துக்கு வந்து சேர்ந்தார். திறமையுடையோர் வேலை தேடி வெளியேறிக்கொண்டிருந்த ஊருக்கு ஒருவர் விரும்பி வந்தது அம்மக்களுக்கு ஆட்டத்தினும் பெரிய செய்தி. 1986, 1987, 1989 ஆகிய மூன்று பருவங்களிலும் அவர் அணி இறுதிக்கு ஒரு படி முன்னர் டென்வரிடமே தோற்றது. 1987 ஜனவரி 11 அன்று டென்வரின் ஜான் எல்வே ஆட்டம் முடியும் தறுவாயில் 98 யார்டு கடந்து சமன் செய்தது ‘தி டிரைவ்’. மறு ஆண்டு எர்னஸ்ட் பைனர் கோட்டருகே பந்தை நழுவவிட்டது ‘தி ஃபம்பிள்’.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் இப்பெயர்களின் ‘தி’ என் கவனத்தை ஈர்க்கிறது. எந்த ஓட்டம், எந்த நழுவல் என்று விளக்க வேண்டாத கேட்போரை அச்சிறு சொல் முன்கொள்கிறது. நம் உரையாசிரியர்கள் இதனைப் பண்டறிசுட்டு என்பர். பண்டு அறிந்தவருக்கே அச்சுட்டு பொருள் தரும். அறியாதவர் அக்கூட்டத்துக்கு வெளியே நிற்பார். டென்வரிலும் அந்நிகழ்ச்சிக்கு ‘தி டிரைவ்’ என்றே பெயர். பெயர் ஒன்று, நிகழ்ச்சி ஒன்று. அங்கு அது விழா, இங்கு அது துக்கம்.

1993 நவம்பரில், ஐந்து வெற்றி மூன்று தோல்வி என்ற நிலையில், திறன் குன்றிவிட்டதெனக் கூறிப் பயிற்சியாளர் பில் பெலிச்சிக் கோசாரை நீக்கினார். இரண்டு ஆண்டுகளில் அதனினும் பெரிய நீக்கம் வந்தது. 1995 நவம்பர் 6 அன்று உரிமையாளர் ஆர்ட் மாடெல் அணியையே பால்டிமோருக்குக் கொண்டு செல்வதாக அறிவித்தார். டிசம்பர் 17 அன்று நடந்த கடைசி உள்ளூர் ஆட்டத்தில் மக்கள் அரங்கின் இருக்கைகளைப் பெயர்த்தனர்.

அதன்பின் நகரம் செய்தது விளையாட்டு வரலாற்றில் அரிய செயல். வழக்குத் தொடுத்து, 1996 பிப்ரவரியில் எட்டிய உடன்பாட்டில், அணியின் பெயர், நிறங்கள், சாதனைப் பதிவுகள் ஆகிய மூன்றையும் தனக்கென நிறுத்திக்கொண்டது. ஆட்டக்காரரும் ஒப்பந்தங்களும் பால்டிமோருக்குப் போயின. கிரஹாமும் ரயனும் சைப்பும் கோசாரும் கிளீவ்லாந்திலேயே இருந்தனர். கடந்த காலமும் ஒரு சொத்து, அதற்கும் உரிமைப்பத்திரம் வேண்டும் என்பதை ஒரு மாநகரம் உணர்ந்து செயல்பட்ட தருணம் அது. இடம்பெயர்ந்த அணி ரேவன்ஸ் என்னும் புதுப்பெயரில் 2001 ஜனவரியில் சூப்பர் பௌல் கோப்பையை வென்றது.

1999இல் பிரவுன்ஸ் மீண்டும் களம் கண்டது. தேர்வின் முதல் இடத்தில் டிம் கௌச் எடுக்கப்பட்டார். அன்றுமுதல் 2024 வரை ஏறத்தாழ நாற்பது பேர் அவ்விடத்தில் தொடக்க ஆட்டக்காரராக நின்றிருக்கின்றனர். கௌச்சின் 2ஆம் எண் சட்டையில் அவர் பெயருக்குக் கீழ், வந்து போனவர் பெயரையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிச் சேர்த்த சட்டை நாடறிந்த கேலிப்பொருளாயிற்று. நான் அதனைக் கேலியாக மட்டும் காணவில்லை. முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுகளில் வழங்கிய மெய்க்கீர்த்தி, வென்ற நாடுகளை வரிசைப்படுத்துவது; தோல்விக்கு அதில் இடமில்லை. இச்சட்டையோ தலைகீழான மெய்க்கீர்த்தி. ஒரே ஓர் ஆட்டம் ஆடியவருக்கும் அதில் ஒரு வரி உண்டு. பட்டியலை முழுமையாக ஒப்பிப்பவரே தாம் விலகாமல் இருந்ததை மெய்ப்பிக்கிறார். 2017இல் பதினாறு ஆட்டங்களிலும் அணி தோற்றபோதும் ஓர் ஊர் விலகாமல் நின்றதற்கு அச்சட்டை சான்றாவணம். 2018 செப்டம்பர் 20 அன்று மாற்றாக இறங்கிய பேக்கர் மேஃபீல்ட் 635 நாள்களுக்குப் பின் ஒரு வெற்றியை ஈட்டித் தந்தபோது, ஒரு சாதாரண ஆட்டம் திருவிழாவானதன் பொருள் அப்பட்டியலை அறிந்தோர்க்கே விளங்கும்.

ஆனால் நினைவு அன்பால் மட்டும் ஆனதன்று. 2022இல் டெஷான் வாட்சனை 23 கோடி டாலர் உறுதி ஊதியத்தில் அணி கொண்டுவந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மீது பாலியல் அத்துமீறல் குறித்து உரிமையியல் வழக்குத் தொடுத்திருந்தனர். அவர் மறுத்தார், பெருநடுவர் குழுக்கள் குற்றவியல் வழக்குக்கு இசையவில்லை, லீக் அவரை 11 ஆட்டங்களுக்கு விலக்கி வைத்தது. ஆண்டாண்டுத் தோல்வியைப் பொறுத்த ரசிகருள் சிலர் இதைப் பொறுக்க இயலாமல் விலகினர். பட்டியலில் எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கலாம். சொல்லும்போது குரல் ஒன்றாக இருப்பதில்லை.

நிறுவனங்கள் காக்கும் ஆவணத்தில் கோப்பைகளின் எண்ணிக்கை முதலில் நிற்கும். மக்கள் காக்கும் நினைவு, தம் ஊர் வீழ்ந்துகொண்டிருந்தபோது யார் உடன் நின்றார் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது. ரயன் மங்கியதற்கும் கோசார் ஒளிர்வதற்கும் காரணம் அதுவே என்று கருதுகிறேன். வாய்மொழி வரலாறு தொகுப்போர் தத்தம் களங்களில் வென்றோர் பட்டியலோடு நிறுத்திவிடாமல், தோற்றும் மறக்கப்படாதோர் யாவர் என்பதையும் கேட்டுப் பதிந்தால், ஓர் ஊர் தன்னைப் பற்றி உண்மையில் என்ன எண்ணுகிறது என்பது புலப்படும். மாற்றுக் கருத்துடையோர் எழுதுங்கள், உரையாடுவோம்.