மந்தைவெளியில் மந்தை எங்கே?

சென்னையில் பிள்ளைகளைக் குடிவைத்திருக்கும் நம்மூர்க்காரர்களுக்கு மந்தைவெளி பழக்கமான இடம். மயிலாப்பூருக்குத் தெற்கே, நடுத்தரக் குடும்பங்கள் நெருங்கி வாழும் குடியிருப்புப் பகுதி. அதன் சரித்திரம் பெயரிலேயே இருக்கிறது: மந்தை மேய்ந்த வெளி. மயிலாப்பூர் மாடுகள் மேயப்போன திறந்தவெளி அது. பட்டணம் தெற்கே நகர நகர, வெளி மனைகளாகிவிட்டது. பக்கத்திலேயே ராஜா அண்ணாமலைபுரமும் எழுந்தது. 2004-இல் பறக்கும் ரயிலும் வந்து நின்றது. மாடு போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

அமெரிக்காவிலும் இப்படி ஓர் ஊர் உண்டு. கலிபோர்னியாவில் ஜேம்ஸ் இர்வைன் என்பவர் 1864-இல் கூட்டாளிகளோடு நிலம் வாங்கி ஆடு வளர்த்தார். பண்ணை ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் பெருகியது. 1965-இல் அங்கே பல்கலைக்கழகம் திறந்தார்கள். வில்லியம் பெரேரா என்ற கட்டிடக் கலைஞர் திட்டம் வரைந்து கொடுக்க, வீடுகள் எழுந்தன. 1971-இல் இர்வைன் தனி நகரமாயிற்று. அந்த நிலத்துக்கு முதலாளி உண்டு. எதை விற்பது, எதைச் சும்மா விடுவது என்று முடிவு செய்ய ஆள் இருந்தது.

நம் மேய்ச்சல் நிலங்களின் கதை வேறு. மேய்க்கால், மந்தைவெளி, களம், வண்டிப்பாட்டை, மயானம் எல்லாமே வருவாய்க் கணக்கில் புறம்போக்கு. தீர்வை கிடையாது, பட்டா கிடையாது, ஊரே அனுபவிக்கலாம். எல்லாருக்கும் பொது என்பதால் பறிபோகும்போது தடுக்க ஒருவரும் வருவதில்லை. முதலில் ஒரு கொட்டகை, பிறகு சுவர், கடைசியில் கோப்பில் வகைபாடு மாற்றம். அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்த வரிசை புதிதல்ல.

நம் மாவட்டத்தில் செங்கம் பக்கம் பல்லவர் கால நடுகற்கள் இருக்கின்றன. ஆநிரைச் சண்டையில் மாண்ட வீரர்களுக்கு எடுத்தவை அவற்றில் பல. மாட்டுக்காக உயிரைக் கொடுத்த மண்ணில், மாடு மேயும் இடம் சத்தமில்லாமல் போகிறது.

2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலங்களிலுள்ள ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே மீட்டுத் தரத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. உத்தரவு இருந்தும், எந்த நிலம் பொது என்று ஊருக்குத் தெரியாவிட்டால் பயனில்லை.

சொந்தக் கிராமத்துக்குப் போகும்போது, கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைக் கேட்டு, மேய்க்கால் எந்த சர்வே எண்ணில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளை அழைத்துப்போய் அந்த இடத்தைக் காட்டுங்கள்.