ரோமியோ ஜூலியட்: இரு திரைவடிவங்கள்

ஷேக்ஸ்பியர் 1590-களின் நடுவில் எழுதிய 'ரோமியோவும் ஜூலியட்டும்' நாடகத்தின் திரைவடிவங்களில், ஃபிராங்கோ செஃபிரெல்லியின் படமும் (1968) பாஸ் லுர்மனின் படமும் (1996) அடிக்கடி ஒப்பிடப்படுபவை. முன்னதை மரபு என்றும் பின்னதை நவீனம் என்றும் பிரிப்பது வழக்கம். உடையையும் ஊரையும் வைத்துப் பார்த்தால் இது பொருந்தும். வசனத்தையும் முடிவையும் பார்த்தால் பொருந்தாது.

செஃபிரெல்லி பியென்சா, கூபியோ முதலிய பழைய இத்தாலிய ஊர்களில் படம்பிடித்தார். நாடகத்து ஜூலியட்டுக்குப் பதினான்கு வயதுகூட நிரம்பவில்லை. ஆனால் ஜார்ஜ் கியூகரின் 1936 படத்தில் அவளாக நடித்த நார்மா ஷீரர் முப்பதைக் கடந்தவர். ரோமியோவான லெஸ்லி ஹோவர்ட் நாற்பதைக் கடந்தவர். செஃபிரெல்லியோ ஒலிவியா ஹஸ்ஸி, லெனர்ட் வைட்டிங் என்ற பதின்வயதினர் இருவரைத் துணிந்து நடிக்க வைத்தார். ஒளிப்பதிவுக்கும் உடையலங்காரத்துக்கும் ஆஸ்கர் கிடைத்தது. ஆனால், மரபுப் படம் எனப் பெயர்பெற்ற இதில் மூல வசனத்தில் பாதிக்குமேல் இல்லை. ரோமியோ நஞ்சு வாங்கும் காட்சியும் இல்லை.

அந்தக் காட்சி லுர்மனிடம் உண்டு. மெக்சிகோவில் படமாக்கப்பட்ட அவரது கற்பனை நகரம் வெரோனா பீச். லியனார்டோ டிகாப்ரியோவும் கிளேர் டேன்ஸும் காதலர்கள். இரு குடும்பங்களும் தொழிலதிபர் குடும்பங்கள். முன்னுரையைச் சொல்வது தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர். லுர்மனும் நிறைய வெட்டினார், ஆனால் எஞ்சிய வசனத்தை இன்றைய ஆங்கிலத்துக்கு மாற்றவில்லை. வாளை உறையிலிடச் சொல்லும் வசனம் வருகையில், கையிலுள்ள துப்பாக்கியின் மேல் 'வாள்' என்ற வணிகப்பெயர் பொறித்திருப்பதைக் கேமரா காட்டுகிறது. பழைய சொல்லைக் காக்கப் புதிய பொருளை உருவாக்கிய இந்த உத்திதான் படத்தின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு.

முடிவில் நிலைமை இன்னும் சுவையானது. மூலத்தில் ரோமியோ இறந்த பிறகே ஜூலியட் கண்விழிக்கிறாள். செஃபிரெல்லியும் அப்படியே எடுத்தார். லுர்மனின் ஜூலியட், அவன் நஞ்சை அருந்தும் கணத்திலேயே விழித்துவிடுகிறாள். பலரும் இதைத் திரைப்படத்துக்கான புதுமை என்று எண்ணினர். உண்மையில் டேவிட் கேரிக் தம் 1748-ஆம் ஆண்டு மேடை வடிவத்தில் காதலர் இருவரையும் கல்லறையில் பேசவே வைத்திருந்தார். அவருக்கும் முன்பே 1679-இல் தாமஸ் ஆட்வே இதைச் செய்திருந்தார். கேரிக்கின் முடிவு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இங்கிலாந்து மேடையை ஆண்டது. 1845-இல் சார்லட் குஷ்மன்தான் லண்டனில் மூலத்தை மீட்டார்.

ஜூலியட்டை மணக்கவிருந்த பாரிஸை ரோமியோ கல்லறையில் கொல்வதை இரு படங்களுமே விட்டுவிட்டன. ரோமியோவின் கையில் இன்னொரு கொலை படியாததால் அவன்மீது இரக்கம் கூடுகிறது, பாத்திரத்தின் சிக்கல் குறைகிறது. பகைக் குடும்பங்களின் சமரசத்தில்தான் இயக்குநர் இருவரும் முற்றிலும் பிரிகிறார்கள். செஃபிரெல்லி சவ ஊர்வலத்தில் இரு வீட்டாரையும் ஒன்றுசேர்க்கிறார். லுர்மன் பெற்றோர் கைகோக்கும் காட்சியை வைக்கவே இல்லை.