நீதிபதிகளின் குடும்ப ஓய்வூதியம்: யாருக்கு, எவ்வளவு, எந்த விதிப்படி?

புதுதில்லி: உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் பணிக்காலத்திலோ ஓய்வுபெற்ற பின்னரோ காலமானால், அவரது குடும்பத்தினருக்கு ஓய்வூதியம் வழங்க 1954ஆம் ஆண்டின் உயர்நீதிமன்ற நீதிபதிகள் (சம்பளம் மற்றும் பணி நிலைமைகள்) சட்டம் வகை செய்கிறது. இதற்கென நீதிபதிகள் தனியாகச் சந்தா செலுத்துவதில்லை. உயர்நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வூதியச் செலவு, அரசமைப்புச் சட்டத்தின் 112ஆவது பிரிவின்படி இந்தியத் தொகுப்பு நிதியைச் சார்ந்தது.

எனினும், நீதிபதி எந்த வழியாகப் பதவிக்கு வந்தார், நிரந்தர நீதிபதியா அல்லது கூடுதல் நீதிபதியா, முன்னர் எந்த ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தார் என்பவற்றைப் பொறுத்து ஓய்வுக்காலப் பலன்களில் வேறுபாடு நிலவி வந்தது. உச்சநீதிமன்றம் 2025 மே 19 அன்று அளித்த தீர்ப்பு இந்த வேறுபாட்டை நீக்கியது.

கணக்கிடும் முறை

சட்டத்தின் 17ஏ பிரிவின்படி, நீதிபதி காலமான மறுநாளில் இருந்து அவரது சம்பளத்தில் 50 சதவீதம் குடும்ப ஓய்வூதியமாக வழங்கப்படும். ஏழு ஆண்டுகள் வரை அல்லது அவர் உயிருடன் இருந்திருந்தால் 65 வயதை எட்டியிருக்கும் நாள் வரை, இவற்றில் எது முன்னதோ அதுவரை இந்த விகிதம் பொருந்தும். அதன்பின் 30 சதவீதம் வழங்கப்படும்.

உயர்நீதிமன்ற நீதிபதியின் மாதச் சம்பளம் ரூ.2.25 லட்சம். 55 வயதில் பணியில் இருக்கும்போது ஒருவர் காலமானால், குடும்பத்தினருக்கு முதல் ஏழு ஆண்டுகள் மாதம் ரூ.1,12,500, அதன்பின் ரூ.67,500 எனக் கணக்கிடலாம். 60 வயதில் காலமானால் முதல் விகிதம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே நீடிக்கும்.

குடும்ப ஓய்வூதியம் பெறுபவர் 80 வயதை எட்டும்போது 20 சதவீதமும், 85 வயதில் 30, 90 வயதில் 40, 95 வயதில் 50, 100 வயதில் 100 சதவீதமும் கூடுதல் தொகை உண்டு.

சிக்கல் எழுந்தது எப்படி?

உயர்நீதிமன்ற நீதிபதிகள் வழக்குரைஞர்களில் இருந்தும் மாவட்ட நீதித்துறையில் இருந்தும் நியமிக்கப்படுகின்றனர். மாநிலங்கள் புதிய ஓய்வூதிய முறைக்கு மாறிய பின் மாவட்ட நீதித்துறையில் சேர்ந்தவர்கள், சந்தா அடிப்படையிலான தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் உயர்நீதிமன்ற நீதிபதியான பின்னர் எந்த முறையில் ஓய்வூதியம் பெறுவர் என்ற கேள்வி எழுந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மிகாத காலத்துக்கு நியமிக்கப்படும் கூடுதல் நீதிபதிகளின் குடும்பத்தினருக்கான பலன்கள் குறித்தும் முரண்பாடு இருந்தது.

தீர்ப்பின் முக்கிய அம்சங்கள்

தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதிகள் ஏ.ஜி. மசீஹ், கே. வினோத் சந்திரன் ஆகியோர் அடங்கிய அமர்வு, இத்தகைய பாகுபாடு சமத்துவத்துக்கான 14ஆவது பிரிவுக்கு முரணானது என்று தெரிவித்தது.

* ஓய்வுபெற்ற தலைமை நீதிபதிகளுக்கு ஆண்டுக்கு ரூ.15 லட்சமும், கூடுதல் நீதிபதிகள் உள்ளிட்ட ஏனையோருக்கு ரூ.13.50 லட்சமும் முழு ஓய்வூதியமாக வழங்கப்பட வேண்டும்.

* தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் செலுத்திய பங்களிப்பு, ஈவுத்தொகையுடன் திருப்பித் தரப்பட வேண்டும். மாநில அரசின் பங்களிப்பு அந்த அரசின் கணக்கில் சேரும்.

* பணியில் இருக்கும்போது காலமான நீதிபதி நிரந்தரமானவரா, கூடுதல் நீதிபதியா என்ற வேறுபாடின்றிக் குடும்ப ஓய்வூதியம் வழங்கப்பட வேண்டும்.

* அவர் குறைந்தபட்சத் தகுதிக் காலத்தை நிறைவு செய்யாவிட்டாலும், பணிக்காலத்துடன் 10 ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு, குடும்பத்தினருக்குப் பணிக்கொடை வழங்கப்பட வேண்டும்.