பெட்ரோல் கணக்கு: ஒரு குறிப்பேட்டின் வரலாறு

அரசு ஜீப் ஓட்டுநர்கள் அன்றாடம் புழங்கும் ‘லாக் புக்’ என்ற சொல் கடலிலிருந்து கரையேறியது. ‘லாக்’ என்றால் மரக்கட்டை. பாய்மரக் கப்பலின் வேகத்தை அறிய வேறு கருவி இல்லாத காலத்தில், ஈயம் பொதிந்த கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்புறம் எறிவார்கள். கட்டை நீரில் நின்றுவிடும், கப்பல் விலகிச் செல்லும், கயிறு அவிழ்ந்தோடும். ஏறத்தாழ அரை நிமிடத்தில் வடியும் மணற்கடிகாரம் ஒழியும்வரை, கயிற்றில் சம இடைவெளியில் இட்ட முடிச்சுகள் எத்தனை கடந்தன என்று எண்ணுவார்கள். கப்பல் வேகத்தை இன்றும் ‘நாட்’ என்று சொல்வது இந்த முடிச்சுகளால்தான். எண்ணியதை எழுதிவைத்த ஏடே லாக் புக். கரை தெரியாத இரவில், தாம் எங்கே இருக்கிறோம் என்பதற்கு மாலுமிகளிடமிருந்த பெரிய ஆதாரம் அந்த எண்கள்தாம்.

நிலத்தில் தூரம் அளப்பது இதைவிட எளிது. சக்கரத்தின் சுற்றளவு தெரிந்தால் சுற்றுகளை எண்ணினால் போதும். உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், வண்டிச் சக்கரத்தோடு பற்சக்கரங்களைப் பிணைத்து, ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கூழாங்கல் பாத்திரத்தில் விழும்படியான பொறியைத் தம் பத்தாம் நூலில் விவரித்திருக்கிறார். பயணம் முடிந்தபின் கற்களை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். நம் கார்களின் ஓடோமீட்டருக்கு மூதாதை அதுவே.

ஆனால் தூரத்தை அளந்த அளவுக்கு எரிபொருளை அளக்க மோட்டார் உலகம் அக்கறை காட்டவில்லை. ஃபோர்டின் ‘மாடல் டி’ காரில் எரிபொருள் முள் கிடையாது. முன்னிருக்கையைத் தூக்கி, அதன் அடியிலிருந்த தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டு, நனைந்த உயரத்தைப் பார்த்துக்கொள்வார்கள். கடலில் எறிந்த கட்டை இங்கே குச்சியாகத் திரும்பி வந்தது எனலாம். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கூட 1960களின் தொடக்கம் வரை முள் இல்லாமலே ஓடியது. பெட்ரோல் தீர்ந்து வண்டி திணறும்போது, காலால் ஒரு திருகைத் திருப்பி மிச்சத்தைத் திறந்துவிட வேண்டும். இத்தகைய வண்டிகளுக்குக் குறிப்பேடு ஆடம்பரமன்று. கடைசியாக எப்போது, எந்த எண்ணில், எவ்வளவு ஊற்றினோம் என்பதை எழுதாதவர் வழியில் நிற்க நேர்ந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அது அவ்வளவு அழகானதன்று. தொடக்க காலக் கார்களை உடையவர்கள் பலர் தாமே ஓட்டவில்லை. சம்பளத்துக்கு ஒருவரை வைத்துக்கொண்டார்கள். அவரை நம்பவும் முடியவில்லை, அவரின்றி நகரவும் முடியவில்லை. புறப்பட்ட எண், சேர்ந்த எண், போன காரியம், அமர்ந்து சென்றவரின் கையொப்பம் என்று அரசு வாகனக் குறிப்பேட்டில் இன்றும் காணும் கட்டங்கள் ஐயத்தின் கட்டங்கள். ஐயத்துக்காக எழுதப்படும் கணக்கு எப்போதும் கச்சிதமாகவே இருக்கும். கச்சிதமாக இருப்பதனாலேயே அதை நம்ப நமக்குக் கடினமாக இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் லிட்டருக்கு ஒரே கிலோமீட்டர் கொடுத்த வண்டி உலகில் எங்கும் ஓடியதில்லை.

ஐயமின்றித் தனக்காகவே எழுதுகிற வழக்கத்தைப் பெருக்கியது இரண்டாம் உலகப் போர் என்று கருத இடமுண்டு. பிரிட்டனில் 1939 செப்டம்பரில் வந்த பெட்ரோல் பங்கீடு, போர் முடிந்தும் நீங்காமல் 1950 மே வரை நீடித்தது. இந்தியாவிலும் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. தட்டுப்பாட்டைச் சமாளிக்க, கரியை எரித்து அதன் வாயுவில் பேருந்தை ஓட்டும் கலத்தை மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் செய்து தந்தது. பேருந்துகளுக்குக் கரி கிடைத்தது. சொந்தக் கார் வைத்திருந்தவருக்குக் கணக்குதான் கிடைத்தது. இத்தனை காலனில் இத்தனை மைல், அதற்குள் எந்தத் திருமணத்துக்குப் போகலாம், எதற்குத் தந்தியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது.

நாட்டு விடுதலைக்குப் பிறகு இந்தக் கணக்கெழுதிகளுக்கு ஒரு சோதனை வந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று அணா போய் நயா பைசா வந்தது. 1956இன் சட்டப்படி மெட்ரிக் அளவைகள் படிப்படியாக வந்து, காலன் லிட்டராயிற்று. வண்டியின் ஓடோமீட்டரோ பழைய மைலையே காட்டிக்கொண்டிருந்தது. ஒரு காலன் 4.546 லிட்டர், ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். காலனுக்கு 30 மைல் என்று பெருமையாகச் சொல்லிவந்தவர், லிட்டருக்கு 10.6 கிலோமீட்டர் என்று திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. வண்டி அதேதான், பெருமை மட்டும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. மைல் ஒழிந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்பும் நாம் ‘மைலேஜ்’ என்றே கேட்கிறோம். சொற்கள் சட்டத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

எம் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்று மறைந்த மூத்த பேராசிரியர் ஒருவரின் மூன்று குறிப்பேடுகளை அவர் வீட்டார் நம்மிடம் தந்தனர். யாப்பிலக்கணக் குறிப்புகள் இருக்கும் என்று எண்ணிப் பிரித்தோம். முதற்பக்கத்தில் பிள்ளையார் சுழி. அடியில் ‘பிரீமியர் பத்மினி, 1979’. நாள், ஓடோமீட்டர் எண், லிட்டர், தொகை, குறிப்பு என ஐந்து பத்திகள். ஒவ்வொரு முறையும் தொட்டியை முழுதாக நிரப்பியிருக்கிறார். அதுதான் சரியான முறை. முழுத் தொட்டியில் தொடங்கி மறுபடி முழுத் தொட்டி ஆக்கினால், இரண்டாம் முறை ஊற்றியதே இடையில் எரிந்த அளவு. பத்து லிட்டர், ஐந்து லிட்டர் என்று கையிலிருந்த பணத்துக்கு ஊற்றுகிறவரால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் போய்க்கொண்டிருந்த கணக்கு ஓரிடத்தில் பத்துக்கு இறங்குகிறது. குறிப்புப் பத்தியில் முதலில் ‘பிளக் சுத்தம்’. அடுத்த முறை ‘ஏர் ஃபில்டர்’. அதற்கடுத்து ‘பின் இடச் சக்கரம் சூடு’. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அடுத்த வரியில் எண் மீண்டும் பன்னிரண்டுக்கு ஏறிவிட்டது. மெக்கானிக்கின் காது கேட்காததை ஒரு வகுத்தல் கணக்கு கேட்டிருக்கிறது. ஐந்து இலக்க ஓடோமீட்டர் 99,999ஐத் தாண்டிப் பூச்சியத்துக்குத் திரும்பியபோது, அவர் சிவப்பு மையில் முன்னே ஓர் ஒன்றைச் சேர்த்து எழுதிக்கொண்டு போகிறார். வண்டி மறைத்த வயதை ஏடு மறைக்கவில்லை.

இரண்டாம் ஏட்டில், 1986இல், ‘மதுரை போய்வர 128 கி.மீ.’ என்ற குறிப்பு பத்து நாளைக்கு ஒரு முறை வருகிறது. பிறகு வாரம் ஒரு முறை. பிறகு நான்கு நாளுக்கு ஒன்று. காரணம் எங்கும் இல்லை. அதன்பின் மதுரை என்ற சொல்லே இல்லை. மாதத்துக்கு ஒரே ஒரு முறை பெட்ரோல். அது தம் தாயாரின் மருத்துவம் நடந்த ஆண்டு என்று மகள் சொன்னார். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் கால் நூற்றாண்டு எழுதிய நாட்குறிப்பில், கப்பல் வரவுகளுக்கும் வணிகக் கணக்குகளுக்கும் இடையே புதுச்சேரியின் வாழ்வும் தாழ்வும் பதிவாகிவிட்டதை நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். லிட்டரும் கிலோமீட்டரும் மட்டுமே உள்ள ஏட்டுக்கும் அந்த ஆற்றல் உண்டு.

தனிமனிதர் எழுதும் கணக்குக்குப் பொதுவெளியிலும் மதிப்பு ஏற்பட்டதுண்டு. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, அமெரிக்க அரசு ஒவ்வொரு புதுக் காரிலும் எரிபொருள் சிக்கன எண்ணை ஒட்டச் செய்தது. சோதனைச்சாலையில் வந்த எண் சாலையில் வரவில்லை என்பதை ஓட்டியவர்கள் கண்டுகொண்டனர். ஆகவே 1985 மாடல்களிலிருந்து நகர எண்ணில் 10 விழுக்காடும் நெடுஞ்சாலை எண்ணில் 22 விழுக்காடும் குறைத்து அச்சிட்டார்கள். 2012 நவம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அங்கே தாம் விளம்பரப்படுத்திய எண்கள் மிகையானவை என ஒப்புக்கொண்டு, ஏறத்தாழ ஒன்பது லட்சம் கார்களுக்கு எண்ணைத் திருத்தின. அந்த ஆய்வுக்கு முன்பே உரிமையாளர்களின் புகார்கள் வந்து சேர்ந்திருந்தன.

இன்று அந்தக் கேள்வி நம் ஊர்ப் பங்குகளுக்கே வந்திருக்கிறது. 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாட்டில் பரவியது. அளவுக்கு அளவு, எத்தனாலின் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு அதுவானால், மொத்தத்தில் ஏழு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் இழப்பு என்பது பள்ளிக் கணக்கு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 விழுக்காட்டுக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 விழுக்காடு குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 திட்ட அறிக்கையும் சொன்னது. தம் வண்டியில் எவ்வளவு குறைந்தது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். டயர்க் காற்று, ஏ.சி., நெரிசல் எல்லாம் இந்த எண்ணை அசைக்கும். ஒரு தொட்டியை வைத்து எதையும் நிறுவ இயலாது. கலவை மாறுவதற்கு முன் இருபது நிரப்பல், பின் இருபது நிரப்பல் என்று வரிசையாக வைத்திருப்பவர் பேச்சையே கேட்கத் தோன்றுகிறது.

டாஷ்போர்டுத் திரை காட்டும் சராசரி போதாதா என்று இளைய நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தச் சராசரி, எஞ்சின் தான் எவ்வளவு குடித்தது என்று தானே போடும் மதிப்பீடு. பங்க்கில் நாம் பணம் கொடுத்த லிட்டர் அதற்குத் தெரியாது. பொத்தானை அழுத்திப் பூச்சியமாக்கிவிட்டால் பழையதும் போயிற்று. சிலர் பங்க் ரசீதுகளையே சேர்த்துவைக்கிறார்கள். அவை வெப்பத்தாளில் அச்சானவை. காரின் முன்னறையில் இரண்டு கோடை கிடந்தால், எடுத்துப் பார்க்கும்போது வெள்ளைத் தாள்தான் இருக்கிறது. பேராசிரியரின் 1979ஆம் ஆண்டு நீலமை சற்று வெளிறியிருக்கிறது. ஏழையும் ஒன்றையும் பிரித்தறிவதில் நமக்குச் சிரமமில்லை.