மன்னார்ப் பாதையும் கொழுக்கிப்புழுவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியபோது, தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்குச் செல்லும், நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை வெறுங்காலோடு நடந்தே கடந்தனர். வாந்திபேதியாலும் அம்மையாலும் வழியில் மாண்டோரைப் பற்றி வரலாற்று நூல்கள் கூறும். பலர் குடலிலே உடன்வந்த கொழுக்கிப்புழுவைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை.

இப்புழு உடலுட் புகும் வழியை முதலில் அறிந்தவர் கெய்ரோ நகரில் ஆராய்ந்த ஆர்தர் லூஸ் என்னும் ஜேர்மானியர். புழுக்குஞ்சுகள் நிறைந்த நீர் தற்செயலாக அவர் கையிற் சிந்தியது; தோல் அரித்தது; சில வாரங்களின்பின் அவர் மலத்திலேயே புழுமுட்டைகள் காணப்பட்டன. தோலைத் துளைத்த குஞ்சு குருதியோடு சுவாசப்பையை அடைந்து, மூச்சுக்குழல்வழி மேலேறித் தொண்டையில் விழுங்கப்பட்டே குடலைச் சேர்கிறது என்பதையும் அவரே பின்னர் நிறுவினார். வட்டப்புழுவின் குஞ்சும் சுவாசப்பை வழியே செல்வது. அதனை ஐயமற நாட்ட விரும்பிய யப்பானிய மருத்துவர் கொய்னோ, 1922 இல் அதன் முட்டைகள் இரண்டாயிரத்தைத் தாமே விழுங்கித் தம் சளியிற் குஞ்சுகளைக் கண்டார். துணிவுதான்! ஆகவே, புழுக்கொண்ட பிள்ளையின் இருமலும் இழுப்பும் வெறுந் தடிமனாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. கொழுக்கிப்புழுவால் வரும் இருமல் பெரும்பாலும் இலேசானது. அதன் பெருந்தீங்கு பின்னர்க் குடலிலே குருதியை உறிஞ்சிச் சோகையை விளைத்தலாகும்.

1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. அக்கரையில் மண்டபம் முகாமிலே தொழிலாளர் தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். பிற்காலத்திற் புழுமருந்தும் ஊட்டப்பட்டனர். நோயைக் கொண்டுவருவோர் கூலிகளே என்பது துரைமார் வாதம். இது பாதி உண்மையே. 1916 இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் தோட்டங்களில் ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது மறுபாதி வெளிப்பட்டது. மருந்துண்டு தேறியவர் மீண்டும் புழுக்கொண்டனர். லயங்களுக்குப் போதிய மலசலகூடங்கள் இல்லை. பிள்ளைகள் விளையாடிய ஈரமண்ணே புழுவின் வளர்ப்பிடம். மருந்து கொடுக்கும் நாளில் வேலை கெடுகிறதென முணுமுணுத்த துரைமார், மலசலகூடத்துக்குப் பணம் செலவிடவும் தயங்கினர். கடலைக் கடவாது லயத்திலே பிறந்த குழந்தைக்கும் புழு இருந்தது. அதற்கு மன்னார்ப் பாதையைக் குறை சொல்ல இயலாது.

மருந்து மட்டும் போதாதெனக் கண்ட அந்நிறுவனத்தார் அரசினரோடு சேர்ந்து 1926 இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதியை நிறுவினர். அதன் வேலைகளுள் ஒன்று வீடுதோறும் மலசலகூடம் அமைப்பித்தல்.