வானொலி வளர்த்த மின்னிசை



வானொலியின் வாயிலாகவே வானொலியைப் பற்றிப் பேசுவது சற்று விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் அப்படிப்பட்டது. மின்கருவிகளால் ஒலியை உண்டாக்கியோ, பதிவு செய்த ஒலியை வெட்டியும் ஒட்டியும் மாற்றியோ அமைக்கப்படும் இசையை மின்னிசை என்கிறோம். தெரமின் போன்ற மின் இசைக்கருவிகள் 1920ஆம் ஆண்டு வாக்கிலேயே தோன்றிவிட்டன என்றாலும், மின்னிசை ஒரு கலையாக வளர்ந்தது பெரும்பாலும் வானொலி நிலையங்களின் பின்கட்டு அறைகளில்தான்.

நாம் இசை வல்லுநரல்லோம். பல ஆண்டுகளாக மின்னிசையை விரும்பிக் கேட்டுவரும் ரசிகர் என்ற உரிமையில் மட்டுமே பேசுகிறோம். நம்மைப் போன்ற ரசிகரைக் கண்டால் நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “எல்லாவற்றையும் இயந்திரமே வாசித்துவிடுகிறதே, மனிதனுக்கு அங்கே என்ன வேலை?” என்பதுதான் அது. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காண, அந்தப் பின்கட்டு அறைகளில் நடந்தது என்னவென்று பார்க்க வேண்டும்.

புதிய கருவியை ஐயத்தோடு பார்ப்பது நமக்கும் புதிதன்று. இன்று பிடில் இல்லாத கர்நாடக இசைக் கச்சேரியை நினைத்துப் பார்ப்பதே கடினம். ஆனால் அது ஐரோப்பியர் கொண்டுவந்த கருவி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) அதைக் கற்று நம் இசைக்குப் பழக்கினார். ஆர்மோனியத்தின் கதையோ வேறு. அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் அதற்குத் தடை விதித்தது. கட்டைகளில் சுரங்கள் நிலைத்து நிற்பதால் கமகத்துக்கு இடமில்லை என்பது முக்கியக் காரணம். தடை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்து, 1971இல்தான் தளர்த்தப்பட்டது. காரணத்தில் உண்மை இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. இருந்தாலும், எது இசை, எது இசையன்று என்று ஒரு நிலையம் தீர்ப்பு எழுதினால் அந்தத் தீர்ப்பு கலைஞர்களின் பிழைப்பையும் பெயரையும் தொடுகிறது என்பதற்காகவே இதை இங்கே குறிப்பிட்டோம். லண்டனுக்குப் போகும்போது இது மீண்டும் நினைவுக்கு வரும்.

முதலில் பாரிஸ் நகரம். பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பியேர் ஷேஃபர் பொறியியல் படித்தவர். அவர் 1948ஆம் ஆண்டில் ஒலிப்பதிவுக் கருவியோடு ரயில் நிலையத்துக்குப் போய், இன்ஜின்களின் ஊதலையும் சக்கரங்களின் தடதடப்பையும் பதிவு செய்து வந்தார். அன்று அவர் கையிலிருந்தவை இசைத்தட்டுகளே. கீறல் விழுந்த இசைத்தட்டு சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் என்பது நமக்குப் பழமொழி போலப் பழகிவிட்ட செய்தி. எல்லாரும் குறை என்று ஒதுக்கிய அதையே ஷேஃபர் வேண்டுமென்று செய்தார். ஊசி ஒரே வட்டத்தில் சுற்றிவரும்படி தட்டை அமைத்ததும் ரயிலின் ஓசைக்குத் தாளம் கிடைத்துவிட்டது. இவ்வாறு அமைந்த ஆக்கங்கள் அந்த ஆண்டு அக்டோபர் மாதம் வானொலியில் ஒலிபரப்பாயின.

அவர் கண்ட இன்னொன்றும் உண்டு. மணியோசையின் தொடக்கத்தை, அதாவது நாக்கு மணியில் மோதும் அந்த ஒரு கணத்தை, நீக்கிவிட்டு எஞ்சியதை மட்டும் கேட்டால் அது மணி என்றே தோன்றாது. ஒலியின் அடையாளம் அதன் முதல் கணத்தில் பெரிதும் அடங்கியிருக்கிறது. இயந்திரம் இல்லாவிட்டால் இதைச் செய்து பார்த்திருக்க முடியாது. கூர்ந்து கேட்கும் காது இல்லாவிட்டால் செய்து பார்த்தும் பயனில்லை.

அடுத்து ஜெர்மனியின் கொலோன் நகர வானொலியிலும் ஒரு கூடம் அமைந்தது. அங்கிருந்தவர்கள் வெளியுலக ஓசைகளை விடுத்து, ஆஸிலேட்டர் என்னும் மின்கருவி தரும் தூய ஒலியிலிருந்தே இசையைக் கட்ட முயன்றார்கள். 1956இல் வெளிவந்த ஸ்டாக்ஹவுசனின் ஆக்கம் ஒன்று சிறுவன் ஒருவனின் குரலையும் மின்னொலியையும் கலந்து புகழ் பெற்றது.

வானொலி நிலையங்களுக்கு இந்தப் பேறு ஏன் வாய்த்தது என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் எளியது. ஆஸிலேட்டர்கள் கருவிகளைச் சோதிப்பதற்காக அங்கே இருந்தன. ஒலிநாடா எந்திரங்கள் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வதற்காக இருந்தன. இவற்றை வாங்கும் வசதி அக்காலத்தில் தனி இசைக்கலைஞர் எவருக்கும் எளிதில் கிட்டாது. இசைக்கென்று செய்யப்படாத பொருள்களே முதலில் இசைக்கருவிகள் ஆயின.

இனி லண்டன். டாஃப்னி ஓரம் என்ற பெண்மணி, இசைக் கல்லூரியில் கிடைத்த இடத்தையும் விட்டுவிட்டு, 1943இல் பி.பி.சி. நிலையத்தில் சேர்ந்தவர். மின்னிசைக்கென ஒரு கூடம் வேண்டும் என்று அவர் நெடுங்காலம் வாதாடினார். அதன் பயனாக 1958ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மைடா வேல் பகுதியில் ‘ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்’ தொடங்கப்பட்டது. பெயரைக் கவனியுங்கள். ஒர்க்‌ஷாப் என்றால் பட்டறை. நாடகங்களுக்கும் கல்வி ஒலிபரப்புகளுக்கும் வேண்டிய ஓசைகளைச் செய்து கொடுக்கும் பட்டறையாகவே நிலையம் அதைக் கருதியது. அங்கே பணிபுரிந்தோர் உதவியாளர்கள் என்றே அழைக்கப்பட்டார்கள். இசையமைப்பாளர் என்ற பட்டம் அவர்களுக்கு இல்லை. ஓரம் அம்மையார் மறு ஆண்டே விலகினார். பிறகு அவர் தம் சொந்த முயற்சியில், திரைப்படச் சுருளின் மீது கோடு வரைந்தால் அது ஒலியாக மாறும்படி ஓர் எந்திரத்தை அமைத்தார்.

அந்தப் பட்டறைக்கு 1962இல் வந்து சேர்ந்தவர் டெலியா டெர்பிஷயர். இவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். 1937இல் கவன்ட்ரி நகரில் பிறந்தவர். 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் அந்நகரைக் குண்டு வீசி அழித்தபோது மூன்று வயதுக் குழந்தை. அபாயச் சங்கின் ஏற்ற இறக்கம் தம் காதில் பதிந்து, பிற்காலத்து மின்னொலி நாட்டத்துக்கு வித்தானது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் பயின்று 1959இல் பட்டம் பெற்றார். ஒலிப்பதிவு நிறுவனம் ஒன்றில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை அமர்த்துவதில்லை என்ற பதிலே கிடைத்தது. இடையில் சில மாதங்கள் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாகவும் இருந்தார் என்பதை, ஆசிரியர் என்ற முறையில் நாம் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம்.

1963ஆம் ஆண்டில் ‘டாக்டர் ஹூ’ என்ற தொலைக்காட்சித் தொடருக்குத் தொடக்க இசை வேண்டியிருந்தது. ரான் கிரெய்னர் என்ற இசையமைப்பாளர் ஏறத்தாழ ஒரே பக்கத்தில் மெட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சில இடங்களில் சுரத்துக்குப் பதிலாக மேகம், காற்றுக் குமிழி என்பன போன்ற குறிப்புகளே இருந்தனவாம். இதை ஒலியாக்கும் பொறுப்பு டெர்பிஷயர் அம்மையாரிடம் வந்தது. டிக் மில்ஸ் என்பவர் துணை நின்றார். சிந்தசைசர் என்ற கருவி அன்று அந்தப் பட்டறையில் இல்லை.

அவர்கள் செய்ததைக் கேளுங்கள். கீழே தடதடவென்று ஓடும் அந்தத் தாளச்சுரம், ஒற்றைக் கம்பி ஒன்றை ஒருமுறை மீட்டிப் பதிவு செய்த ஒலி. ஒலிநாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுரம் ஒரு ஸ்தாயி இறங்கும். இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி ஏறும். இவ்வாறு வேகத்தை மாற்றி மாற்றி, ஒரே ஒலியிலிருந்து வேண்டிய சுரங்களை எல்லாம் எடுத்தார்கள். மேலே செல்லும் மெட்டு, ஆஸிலேட்டரின் குமிழைக் கையால் திருகி எடுத்தது. ‘உஸ்’ என்று வீசும் காற்று, இரைச்சலை வடிகட்டிப் பெற்றது.

பிறகுதான் வேலையே. அக்கால ஒலிபரப்பு நிலையங்களில் ஒலிநாடா விநாடிக்கு 15 அங்குலம் ஓடுவது வழக்கம். அப்படியானால் கால் விநாடிச் சுரத்துக்கு மூன்றே முக்கால் அங்குல நாடா. ஒரு நிமிட இசைக்கு 75 அடி. ஒவ்வொரு சுரத்தையும் அளந்து, பிளேடால் வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்ட வேண்டும். எங்கள் பள்ளியில் மாணவர்கள் பின்னக் கணக்கு எதற்கு என்று கேட்கும்போதெல்லாம் நாம் இந்த மூன்றே முக்கால் அங்குலத்தைச் சொல்வதுண்டு. பல பாதைகளை ஒரே நாடாவில் பதியும் எந்திரம் இல்லாமையால், தாளம் ஒரு நாடாவில், மெட்டு வேறொரு நாடாவில் என்று வைத்துக்கொண்டு, எந்திரங்களை ஒரே நேரத்தில் கையால் முடுக்கிக் கலந்தார்கள். எங்கோ ஒரு சுரம் பிசகியபோது, நாடாக்களை நீண்ட நடைபாதையில் அக்கம் பக்கமாக விரித்து, ஒட்டுகளை ஒப்பிட்டுத் தவறைக் கண்டுபிடித்தார்கள் என்றும் சொல்வார்கள்.

முடிந்ததைக் கேட்ட கிரெய்னர், இதையா நான் எழுதினேன் என்று வியந்து கேட்டார். பெரும்பகுதி நீங்கள் எழுதியதுதான் என்று அம்மையார் விடை சொன்னார். இந்த உரையாடலை மின்னிசை ரசிகர் பலரும் அறிவர். அதற்குப் பின் நடந்ததுதான் நம் மனத்தை உறுத்துகிறது. வருவாயில் அம்மையாருக்கும் பங்கு சேர வேண்டும் என்று கிரெய்னரே விரும்பினார். நிலையம் இணங்கவில்லை. பட்டறையில் பணிபுரிவோர் பெயரின்றி இருக்க வேண்டும் என்பது விதி. 1963 நவம்பர் 23ஆம் நாள் தொடர் ஒளியேறியபோது கிரெய்னரின் பெயரோடு பட்டறையின் பெயர்தான் இணைந்திருந்தது. எந்திரம் செய்தது என்று ஒருவர் சொல்லும்போது, அந்த எந்திரத்தின் முன்னே குனிந்திருந்த மனிதர் மறைந்து போகிறார். “மனிதனுக்கு என்ன வேலை” என்ற கேள்வி இப்படித்தான் ஒருவர் பெயரை விழுங்கிவிட்டது என்பது நம் கருத்து.

அவருடைய கைவண்ணத்துக்கு இன்னோர் உதாரணம். பச்சை நிறத்தில் உலோகத்தாலான விளக்கு மூடி ஒன்று அவரிடம் இருந்தது. அதைத் தட்டினால் இனிய நாதம் எழும். பால்மரத்து மங்கைக் குச்சியால் தட்டி, அதில் ஜலதரங்கத்தைக் கேட்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புரியும். அவர் அந்த ஓசையைப் பதிவு செய்து, தட்டும் கணத்தை நீக்கி, எஞ்சிய நாதத்தில் கலந்திருந்த சுரங்களைப் பிரித்தறிந்து, அவற்றை ஆஸிலேட்டர்களால் மீண்டும் கட்டினார். சகாரா பாலைவனத்து துவாரெக் மக்களைப் பற்றிய படத்துக்கு அமைத்த இசையில் அது ஒலிக்கிறது. வெயிலில் அசையும் ஒட்டகக் கூட்டத்தை அந்த விளக்கு மூடிதான் நம் கண்முன் கொண்டுவருகிறது.

1970களின் தொடக்கத்தில் பட்டறைக்குப் பெரிய சிந்தசைசர்கள் வந்தன. வெட்டவும் ஒட்டவும் வேண்டாம். சாவியை அழுத்தினால் போதும். நண்பர்கள் நினைப்பதுபோல் எந்திரமே எல்லாவற்றையும் செய்துவிடுமானால், இசை இன்னும் சிறந்திருக்க வேண்டுமல்லவா? 1972 வாக்கில் அதே தொடக்க இசையைப் புதிய எந்திரத்தில் செய்து பார்த்தார்கள். அம்மையாரும் அதில் பங்கு கொண்டார். அது நிறைவாக அமையாததால் கைவிடப்பட்டது, பழையதே தொடர்ந்தது. 1980இல் பீட்டர் ஹோவெல் என்பவர் சிந்தசைசர்களைக் கொண்டு புதிதாக அமைத்தது வெற்றி பெற்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் பழையதைப் பல முறை கேட்டுக் கேட்டு உழைத்தவர். இரண்டு முயற்சிகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு விளங்கும். அம்மையாருக்கோ அந்தச் சாவிக் கருவிகளில் மனம் ஒட்டவில்லை. 1973இல் பட்டறையை விட்டு வெளியேறினார். சில காலம் எரிவாயுக் குழாய் பதிக்கும் பணியில் வயர்லெஸ் இயக்குநராக வேலை பார்த்தார்.

எதிர்த்தவர்களின் பக்கத்தையும் நாம் தள்ளிவிட முடியாது. 1982இல் பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கத்தைச் சேர்ந்த லண்டன் கிளை, சிந்தசைசர்களைத் தடை செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பலர் அதை எண்ணிச் சிரித்தார்கள். இருபது பேர் வயலின் வாசித்த இடத்தில் ஒருவர் சாவிக் கருவியோடு அமர்ந்தால், மற்ற பத்தொன்பது பேர் வீட்டு அடுப்பைப் பற்றிச் சிரித்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. இன்று, நாலு வரி எழுதிக் கொடுத்தால் முழுப் பாட்டையே தரும் கணினி நிரல்கள் வந்திருக்கின்றன. ரசிகர் என்ற முறையில் அவற்றையும் நாம் ஆவலோடு கேட்கிறோம். ஆனால் அது யாருடைய பதிவுகளைக் கேட்டுப் பழகியது, அவர்களின் பெயர் எங்கே என்று கேட்காமல் இருக்க நம்மால் முடியவில்லை. விரித்துப் பார்த்துப் பிழை காண அங்கே நடைபாதையில் நாடாவும் இல்லை.

அந்தப் பட்டறை 1998இல் மூடப்பட்டது. டெலியா டெர்பிஷயர் 2001 ஜூலை மாதம் காலமானார். அவர் வீட்டுப் பரணில் காலைச் சிற்றுண்டி அட்டைப் பெட்டிகளில் அடுக்கிய 267 ஒலிநாடாக்கள் இருந்தன. அவை இப்போது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. ‘டாக்டர் ஹூ’ தொடரின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக 2013 நவம்பரில் ஒளிபரப்பான சிறப்புப் படத்தில்தான், அந்த இசைக்காக அவருடைய பெயர் முதன்முறையாகத் திரையில் வந்தது. அப்போது அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.