ஒரே நடை, இரண்டு கலோரி கணக்கு: எந்த வாட்ச் சொல்வதை நம்புவது?

சுங்கை பினாங்கைச் சேர்ந்த இரண்டு நண்பர்கள் கர்ப்பால் சிங் டிரைவ் கடலோரத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்து நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம. இருவரும் 70 கிலோ. ஒருவரின் ஸ்மார்ட் வாட்ச் 175 கலோரி எரிந்தது என்கிறது. மற்றவருடையது 245 என்கிறது. எது தப்பு? இரண்டுமே சரியாக இருக்கலாம்!

இது சின்ன விஷயம் இல்லை. "இன்னிக்குத்தான் 500 கலோரி எரிச்சாச்சே" என்று நினைத்து, சுமார் 300 கலோரி உள்ள ஒரு ரொட்டி சானாயைக் கூடுதலாகச் சாப்பிடுபவர்கள் பலர். மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் என்கிறது 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு.

மொத்தமா, உழைப்பு மட்டுமா?

சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடல் கலோரி செலவழிக்கும். 70 கிலோ உள்ளவருக்கு அது மணிக்குச் சுமார் 70 கலோரி. சாதாரண வேகத்தில் நடந்தால் அதைப்போல மூன்றரை மடங்கு, அதாவது 245. அதில் சும்மா இருந்தாலும் போயிருக்கும் 70-ஐக் கழித்தால் 175.

ஆப்பிள் வாட்சின் சிவப்பு வளையம் காட்டுவது உழைப்புக் கலோரி மட்டும். ஃபிட்பிட் காட்டும் அன்றைய எண் ஓய்வுக் கலோரியையும் சேர்த்த மொத்தம். அதனால்தான் காலையில் கண் விழிக்கும்போதே அதில் பல நூறு கலோரி ஏறியிருக்கும்.

வாட்ச் கலோரியை அளக்கிறதா?

இல்லை, ஊகிக்கிறது. இதயத் துடிப்பு, கை அசைவு, நீங்கள் பதிவு செய்த வயது, உயரம், எடை, பாலினம் ஆகியவற்றைச் சூத்திரத்தில் போட்டு ஒரு எண்ணைத் தருகிறது. எந்தச் சூத்திரம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

ஓய்வுக் கலோரிக்கு 1990-இல் வெளியான மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது. அதன்படி 25 வயது, 60 கிலோ, 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,314 கலோரி. அதே பெண் ஒரு செயலியில் மட்டும் பழைய எடையான 75 கிலோவை மாற்றாமல் விட்டிருந்தால், அது 150 கலோரி கூட்டிக் காட்டும்.

எவ்வளவு தூரம் தவறும்?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேரை வைத்து ஏழு கருவிகளைச் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழில் ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 விழுக்காட்டுக்கும் குறைவான பிழையுடன் காட்டின. ஆனால் கலோரியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது. மோசமானது 93 விழுக்காடு. கருமையான தோல், அதிக எடை உள்ளவர்களிடம் கருவிகளின் பிழை கூடியதாகவும் அந்த ஆய்வு சொன்னது.

நம்ம ஊர் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. புழுக்கத்தில் உடலைக் குளிர்விக்க இதயம் வேகமாகத் துடிக்கும். வாட்ச் அதைக் கூடுதல் உழைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். வேர்வை கொட்டுவதால் கொழுப்பு அதிகம் கரைகிறது என்று அர்த்தமில்லை.

தண்ணீர்மலையில் ஒரு சோதனை

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் சுமார் 77 மீட்டர் உயரம். 70 கிலோ உடலை அவ்வளவு உயரம் தூக்க வேண்டிய ஆற்றல் 13 கலோரிதான். தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் வேலையாக மாறுகிறது. எனவே ஏறுவதற்கு மட்டும் சுமார் 50 கலோரி ஆகும். ஒருமுறை ஏறியதற்கு வாட்ச் 200 காட்டினால், கொஞ்சம் சந்தேகப்படலாம்.

இரண்டு கணக்கை எப்படி ஒப்பிடுவது?

• முதலில் இரண்டும் மொத்தக் கலோரியா, உழைப்புக் கலோரியா என்று பாருங்கள். ஒரே வகையை மட்டும் ஒப்பிடுங்கள்.
• எல்லாச் செயலிகளிலும் வயது, உயரம், எடை ஒன்றாக இருக்கட்டும்.
• வாட்ச் தானாகப் பதிவு செய்த நடையை நீங்களும் கையால் சேர்த்தால் இரட்டைக் கணக்கு ஆகிவிடும். செயலிகளை இணைத்திருந்தால் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.
• வாட்ச் மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, ஆடாமல் இருக்க வேண்டும்.
• இரண்டின் சராசரியை எடுக்காதீர்கள். இரண்டுமே ஒரே பக்கம் தவறியிருக்கலாம். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் தொடருங்கள். அதன் எண் தப்பாக இருந்தாலும், போன வாரத்தைவிட இந்த வாரம் கூடியதா குறைந்ததா என்பது தெரியும்.

வாட்ச் காட்டும் உழைப்புக் கலோரியை முழுசா சாப்பாட்டில் ஈடுகட்ட வேண்டாம். அதேபோல் அந்த எண்ணுக்குப் பயந்து பட்டினி கிடக்கவும் வேண்டாம். மூன்று, நான்கு வாரம் ஒரே நேரத்தில் எடை பார்த்தால், சாப்பாடும் உழைப்பும் எப்படிப் பொருந்துகின்றன என்பது வாட்சைவிடத் தெளிவாகப் புரியும். நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்கள், இந்த எண்ணைப் பார்த்து மருந்தையோ சாப்பாட்டையோ மாற்றக்கூடாது. மருத்துவரிடமோ அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கிலோ கேட்டு முடிவு செய்வதே பாதுகாப்பு.